கைடு முதல் வைவா வரை: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பிஎச்டியில் சேர நினைப்பவர்களும், சேர்ந்துவிட்டு முழிப்பவர்களும் கேட்டவை இவை. என் துறை விலங்கியல், அதிலும் மீன் ஒட்டுண்ணிகள். ஆய்வுக் குழுக்களிலும் வைவாக்களிலும் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) நெடுநாள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் மற்ற துறைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல முடியும். சட்டம், மருத்துவம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

ஆவடி, எம்எஸ்சி மாணவி: நெட் தேர்வில் ‘பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்’ என்ற பிரிவில் தேறியிருக்கிறேன். இதனால் என்ன பயன்?

2024 முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தவர்களுக்குச் சேர்க்கைக்கு நேர்முகம் மட்டும். மற்ற இரண்டு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற கணக்கு. உங்கள் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். நீங்கள் போகும் பல்கலைக்கழகம் சொந்த நுழைவுத் தேர்வு வைக்கிறதா என்பதை அதன் அறிவிப்பில் பாருங்கள். உங்கள் பிரிவுக்கு உதவித்தொகை கிடையாது. ஜேஆர்எஃப் என்றால் மாதம் 37,000, பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) 42,000. முடிந்தால் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். ஐந்து வருடம் வீட்டில் கைநீட்டுவது கஷ்டம்.

குரோம்பேட்டை, பள்ளி ஆசிரியை: வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யலாமா?

செய்யலாம். 2022 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்ஓசி வேண்டும். ஆய்வுக்கு உங்களுக்கு நேரம் உண்டு, பாடத்திட்ட வகுப்புக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘ஆட்சேபணை இல்லை’ கடிதத்தைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. தொலைதூரக் கல்வியில் பிஎச்டி கிடையாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு நல்ல தலைப்பு ஒன்று தாருங்கள் மேடம்.

தரமாட்டேன்.

பெருங்குடி, பொறியியல்: ‘ஸ்கோப்பஸ் பேப்பர், 15 நாளில் உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?

நம்பக் கூடாது. ஸ்கோப்பஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம், அதன் பெயரைச் சொல்லித்தான் கடை விரிக்கிறார்கள். இது என் பழைய பாட்டு, இன்னொரு தரம் பாடுகிறேன்.

முதலில், பிஎச்டி சமர்ப்பிக்க ஆய்விதழில் கட்டுரை வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022லேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. உங்கள் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். யூஜிசி வைத்திருந்த நல்ல இதழ்களின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு போய்விட்டது. அதனால் ‘யூஜிசி கேர் அங்கீகாரம்’ என்று இன்றும் விளம்பரம் செய்கிறவனிடம் பேச்சே வேண்டாம்.

ஸ்கோப்பஸில் இருக்கிறதா என்பதை அவன் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள். ஸ்கோப்பஸ் தளத்துக்கே போய் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல இதழ்கள் பட்டியலிலிருந்து தூக்கப்பட்ட பிறகும் பழைய பெயரில் கடை நடத்துகின்றன. இன்னும் மோசம் போலி இதழ்கள். ஐரோப்பாவில் எங்கோ ஒழுங்காக வரும் இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து வேறு முகவரியில் தளம் திறந்திருப்பார்கள். அச்சான இதழின் பின்னட்டையில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அனுப்பிய இரண்டாம் நாளே ‘நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பணம் கட்டவும்’ என்று வந்தால் அங்கே நடுவரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தி.நகர், வணிகவியல்: கேள்வித்தாளுக்கு 384 பேர் போதும் என்கிறார்கள். சரியா?

இந்த 384 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1970இல் கிரெச்சி, மார்கன் என்ற இருவர் போட்ட அட்டவணையின் கடைசி எண் அது. மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும், 95 சதவீத நம்பகத்தோடு, 5 சதவீதப் பிழைக்குள், ஆம்–இல்லை போன்ற ஒரு விகிதத்தை மதிப்பிட ஏறக்குறைய இவ்வளவு பேர் வேண்டும் என்கிறது. ஆனால் அவர்களைக் குலுக்கலில் எடுத்திருக்க வேண்டும். கூகுள் ஃபார்மை வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் காலேஜ் குழுவிலும் போட்டு வாங்கிய 384, வெறும் தெரிந்தவர்கள் 384 பேர்தான்.

ஒரு வைவாவில் ஆட்டோ ஓட்டுநர்களின் கடன் சுமை பற்றிய ஆய்வு. நிரப்பிய படிவங்களைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டு பிரித்தால், அடுத்தடுத்த தாள்களில் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக். ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில் மட்டும் டிக்கின் வால் நீண்டு அடுத்த கட்டத்தில் ஏறி நிற்கிறது. தலைமுடி வெட்டக்கூட இறங்காத ஹாஸ்டல் அறை நண்பர்கள்தான் அந்த ஆட்டோ ஓட்டுநர்கள். கோயம்பேட்டில் நின்று முப்பது பேரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அதைவிட நல்ல தீசிஸ் வந்திருக்கும்.

கிண்டி, இயற்பியல்: ராத்திரி இரண்டு மணிக்கு லிக்விட் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்த் துறையில் என் அறைத் தோழன் நாலு நாவல் படித்து, எந்தப் பெண் எங்கே அழுகிறாள் என்று பட்டியல் போட்டு முடித்துவிட்டான். இருவருக்கும் ஒரே டாக்டர் பட்டமா?

உங்கள் துறையைப் பற்றி முதலில் பேசுவோமா? துத்தநாக ஆக்சைடில் கோபால்ட் கலந்து ஒரு பேப்பர், நிக்கல் கலந்து ஒரு பேப்பர், அப்புறம் கலப்பின் அளவை 2 சதவீதத்திலிருந்து 4 ஆக்கி இன்னொன்று. அதுவும் பட்டியல்தான், எக்ஸ்ரே சோதனைப் (எக்ஸ்ஆர்டி) படத்தோடு வரும் பட்டியல். சோம்பேறி ஆய்வு எல்லாத் துறையிலும் உண்டு.

தமிழ் ஆய்வாளர் (குறுக்கிட்டு): அந்த அறைத் தோழன் நானில்லை. நான் சுவடி படிக்கிறேன். ஓலையில் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, ஒற்றா உயிர்மெய்யா என்று பொருளைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ஒரு பாட்டுக்கு நாலு கைப்படி கிடைத்தால் நாலிலும் நாலு விதமான வாசகம். இயற்பியல் அண்ணன் ஒரு நாள் வந்து ஒரு ஓலை வாசித்துக் காட்டட்டும்.

நன்றாகச் சொன்னீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் பாருங்கள். வேலை 1913இல் தொடங்கியது, தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தன, பிற்சேர்க்கை 1939இல். லட்சத்துக்கும் மேல் சொற்கள். கடைசிப் பத்தாண்டு வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். கணினி கிடையாது, ஒவ்வொரு சொல்லுக்கும் நூலில் எங்கே வருகிறது என்று சீட்டு எழுதி அடுக்கினார்கள். இன்று தமிழில் எந்த மொழிக் கருவி செய்தாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

கிண்டி, இயற்பியல்: அது அந்தக் காலம் மேடம்.

அந்தக் காலத்தில் உங்கள் துறையில் என்ன நடந்தது என்று தெரியுமா? ஜி.என்.ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் தெரியவில்லை, பாருங்கள் என்று அப்போது இங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜனுக்கு எங்கே போவது? அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே. கங்காரு வாலின் தசைநாண் வரை வாங்கி எக்ஸ்ரே எடுத்தார்கள். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து நேச்சர் இதழில் மூன்றிழை வடிவத்தை வெளியிட்டார். அதைச் சில வெளிநாட்டு ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள்: அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்று. சரி, எவ்வளவு நெருங்கலாம் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1963இல் வந்த அந்தப் படம்தான் ராமச்சந்திரன் ப்ளாட். இன்றும் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதில்தான் சரிபார்க்கிறார்கள். இயற்பியல்காரர் தோல்காரர் வீட்டுக் கதவைத் தட்டாவிட்டால் இது நடந்திருக்காது. நீங்கள் அறைத் தோழன் துறையின் கதவையாவது தட்டுங்கள்.

வரலாறு, எழும்பூர்: சண்டையில் எங்களை மறந்துவிட்டீர்கள். பழைய தமிழ் இதழ்கள் எங்கே கிடைக்கும்?

தரமணி ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒருவர் சேர்த்தவை அதன் அடித்தளம். 1994 முதல் சென்னையில் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே கன்னிமாரா, ஆவணக் காப்பகம். ஆவணக் காப்பகத்துக்குக் கைடு கடிதத்தோடு போங்கள், பேனா வேண்டாம், பென்சில். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், அடையாறு தியாசபிகல் சொசைட்டி நூலகம். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம். ஊருக்கு வெளியே இருக்கும் மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இயற்பியல்–தமிழ் விவகாரத்தில் இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். போதும், இத்தோடு விடுகிறேன்.

வேளச்சேரி, உயிரியல்: பள்ளிக்கரணையில் நத்தை, தவளை சேகரிக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். ஒரு பகுதி காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். 2022இலிருந்து ராம்சர் தலமும்கூட, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம். எந்த உயிரினம், எத்தனை, எந்த மாதம், உயிரோடு விடுவீர்களா என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும், மழைக்காலத்தைக் குறிவைத்தால் கோடையிலேயே போடுங்கள். கடற்கரையில் ஜனவரி முதல் ஒதுங்கும் பங்குனி ஆமைகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரி. செத்து ஒதுங்கிய ஆமை ஓட்டில் ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். மீன் ஒட்டுண்ணி பாருங்களேன், காசிமேட்டில் விடிகாலையில் ஒரு கூடை வாங்கினால் ஒரு வருட வேலை இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்தாலே சோற்றுப் பருக்கைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் பார்ப்பதே இல்லை.

ஆய்வேட்டின் ஒற்றுமை அளவை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பங்கு) 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர எந்த சாஃப்ட்வேர் நல்லது?

நீங்களே எழுதுவது. 10 வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60க்கு மேல் பதிவே ரத்து. இது 2018 விதி. சொற்களை மாற்றிப்போடும் கருவி உயிரினத்தின் பெயரைக்கூட மாற்றிவைக்கும், வைவாவில் மானம் போகும்.

கைடு என்னைத் தன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்கிறார்.

அறிவுரைக் குழு ஒவ்வொரு செமஸ்டரும் கூட வேண்டும். கூடுகிறதா? உங்கள் வேலை நாட்குறிப்பை வைத்துக்கொண்டு குழுவின் இன்னொரு உறுப்பினரிடம் தனியாகப் பேசுங்கள். இன்னும் சேராதவர்களுக்கு: கைடின் பழைய மாணவர்கள் இருவரிடம் பேசாமல் சேராதீர்கள், அதில் ஒருவர் பாதியில் விட்டுப் போனவராக இருக்கட்டும். ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லாதவர் புதிதாக மாணவர் எடுக்க முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காணும் கருவி) இல்லை.

ஐஐடி வளாகத்தில் இருக்கும் சைஃப் என்ற ஆய்வுக் கருவி மையம் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து தருகிறது.

ஒரு நல்ல தலைப்பு...

மேலே பார்க்கவும்.

ஸ்கோப்பஸ் உறுதி என்று ஒரு நிறுவனம்...

மேலே பார்க்கவும். தயவுசெய்து.

அம்பத்தூர்: மேடம், மேலே படித்தேன். ஆனால் நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். கட்டுரையையும் கொடுத்துவிட்டேன். இப்போது இன்னும் பணம் கேட்கிறார்கள்.

இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். பணம் போன யூபிஐ விவரம் கையில் இருக்கட்டும். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்றைக்கே மெயில் போடுங்கள், நகலை உங்கள் கைடுக்கும் அனுப்புங்கள். அங்கே கிடக்கும்வரை அதை வேறு இதழுக்கு அனுப்ப முடியாது, அதை வைத்துத்தான் மிரட்டுவார்கள். காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்தது.