நாற்பது கட்டில் எத்தனை கட்டு வரி?

அன்புள்ள ஐயா,

ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது பீடி சுற்றும் ஊர். ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள், பீடிக்கு ஜிஎஸ்டி போட்டதைக் கிண்டல் செய்து அரை மணி நேர வில்லுப்பாட்டு ஒன்று போடலாம் என்றிருக்கிறோம். பாட்டுக்கு நடுவே அரைகுறைத் தமிழ் பேசும் ஒரு டெல்லிக்காரர் வருவார். பீடி சுற்றும் பெண்ணின் தட்டிலிருந்து, 28 சதவீதம் என்று சொல்லி, 40 கட்டில் 11 கட்டைத் தூக்கிக்கொண்டு போவார். பெரியவர்கள் தடுக்கிறார்கள். கேஸ் வரும் என்கிறார்கள் சிலர். மத்திய அரசின் கொள்கையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்கிறார்கள் சிலர். கேலி என்று ஆரம்பித்தால் விவாதத்துக்கே இடமில்லாமல் போய்விடும் என்கிறார் எங்கள் ஊர் வாத்தியார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கட்டாயம் போடுங்கள். ஆனால் இப்போது இருக்கிற வடிவில் வேண்டாம். முன்வரிசையில் உட்காரப்போவது பீடி சுற்றுகிற அக்காமார்கள். கட்டுக் கணக்கில் அவர்களிடம் தப்பு செய்தால் மிச்சப் பாட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் அந்த 11 கட்டு. ஆயிரம் பீடிக்கு, கட்டுக்கு 25 வீதம், 40 கட்டு. நாற்பதில் 28 சதவீதம் என்று நேராகப் பெருக்கியிருக்கிறீர்கள். வரி அப்படி ஏறுவதில்லை. 100 ரூபாய்ச் சரக்குக்கு 28 ரூபாய் வரி என்றால் வாங்குகிறவர் கொடுப்பது 128. அந்த 128-க்குள்தான் 28 இருக்கிறது. ஆகவே 40 கட்டு வாங்குகிற காசில் வரிக்குப் போவது எட்டே முக்கால் கட்டின் விலை. அதுவும் பழைய கணக்கு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28, பீடி இலைக்கு 18. ஒன்றிய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து வரி விகிதம் முடிவு செய்கிற ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3-இல் கூடி, பீடியை 18-க்கும் இலையை 5-க்கும் இறக்கியது. இலைக்கு அந்த மாதம் 22-ஆம் தேதியே அமலானது. பீடிக்கு 2026 பிப்ரவரி 1 வரை ஆனது. இன்றைய விகிதத்தில் கணக்கு ஆறு கட்டும் சொச்சமும்தான். மேடையில் 28 என்று பாடினால், செய்தித்தாள் படிக்கிற ஒருவர் எழுந்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

இதைவிடப் பெரிய பிழை, கட்டை அந்தப் பெண்ணின் தட்டிலிருந்து எடுப்பது. வரி கட்டுவது கம்பெனி. சுமப்பது வாங்குகிறவர். சுற்றுகிறவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. விலை ஏறி விற்பனை குறைந்தால் கம்பெனி வாரத்தில் வேலை நாளைக் குறைக்கும். வரி அவர் வீட்டுக்குள் நுழைவது அந்த வழியாகத்தான். தட்டில் இருக்கிற கட்டைக் கண்ணெதிரே எடுப்பது வேறு ஆள்: சுற்றிக் கொண்டுபோன பீடியை, கம்பெனிக்காக வாங்குகிற பீடிக்கடையில் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கி, அதற்குக் கூலி போடாதவர். கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்க்கிறார்களே, அதுவும் அங்கே நடப்பதுதான். இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அந்தப் பீடிக்கடைக்காரர் தப்பிவிடுவார். ஆகவே காட்சியைப் பெட்டிக்கடைக்கு மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் கையிலிருந்து கட்டு போகட்டும். அந்தப் பெண் ஓரத்தில் வெறும் தட்டோடு உட்கார்ந்து, “இந்த வாரம் ரெண்டு நாளுதான் எலை” என்று சொன்னால் போதும்.

டெல்லிக்காரர் வேடத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு மனிதனின் உச்சரிப்பைக் கேலி செய்தால் முடிவெடுத்தவர்கள் கேலியிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அந்த முடிவை எடுத்ததும் ஓர் ஆள் இல்லை. அரசியல் சாசனத்தின் 279ஏ பிரிவின்படி, கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு எடை மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நகராது. மாநிலங்கள் போதிய அளவில் சேர்ந்து மறுத்தாலும் நகராது. நம் மாநில அமைச்சரும் அந்த மேசையில்தான் உட்காருகிறார். இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் பாதிப்பேர் இது கட்சிப் பாட்டு என்று எழுந்து போவார்கள், அது நியாயமும்கூட. இதைச் சொல்ல, பாட்டுக்குப் பாட்டு ‘ஆமா’ போடுகிற பின்பாட்டுக்காரர் கையிலேயே இருக்கிறார். வில்லடித்துப் பாடுகிற புலவர் “டெல்லியில போட்டாங்க வரி” என்று பாடி நிறுத்தட்டும். இவர் “ஆமா” என்று சொல்லாமல், “அந்த மேசையில நம்ம ஆளு இருந்தாகளா இல்லியா?” என்று கேட்கட்டும். குடம் அடிப்பவர் அங்கே ஒரு தட்டு நிறுத்த வேண்டும். பதில் அதற்குப் பிறகு வரட்டும்.

இனி, நீங்கள் தொடாமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். என் கணக்கில் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1976-இல் பீடித் தொழிலாளர் நலனுக்காக இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பீடி மீது ஒரு தனித் தீர்வை (செஸ்) போட, மற்றொன்று அந்தப் பணத்தில் ஒரு நல நிதி நடத்த. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று வசூலானது. பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட மானியம், மருந்தகங்கள், நம் முக்கூடலில் இருக்கிற பீடித் தொழிலாளர் மருத்துவமனை எல்லாம் இந்த நிதியை நம்பி நின்றவை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. பீடியில் கிடைக்கிற வரி பொதுக் கருவூலத்தில் கலந்தது. நலத்திட்டங்களுக்கு இப்போது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான் கணக்கு. அதாவது, முன்பு ஆயிரம் பீடி சுற்றினால் 5 ரூபாய் அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்கில் விழுந்தது, சட்டப்படி அது அவர்கள் நலனுக்கே செலவாக வேண்டும். இப்போது வரி அதைவிட அதிகம் வருகிறது, அவர்கள் பெயர் அதில் இல்லை. விகிதம் 28 ஆனாலும் 18 ஆனாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும். மேடையில் இதைக் காட்டப் பெரிய வேடம் வேண்டாம். பெயர் எழுதிய ஒரு சிறு உண்டியல், பெயர் இல்லாத ஒரு பெரிய அண்டா. உண்டியலை அண்டாவுக்குள் கவிழ்த்துவிட்டு, அந்த அக்கா தன் மகளின் உதவித்தொகையை அண்டாவுக்குள் தேடட்டும். பெயர் சொல்லி எவரையும் திட்டாமலேயே கொள்கை அம்பலத்துக்கு வந்துவிடும்.

உங்கள் வாத்தியார் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்த்தரப்பை முட்டாளாக்கிக் காட்டுகிற கேலி விவாதத்தைக் கெடுக்கத்தான் செய்யும். பீடிக்கு வரி வேண்டும் என்பவர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. பீடி சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது இல்லை. புற்றுநோயும் நுரையீரல் நோயும் அதிலும் வரும். நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு உட்காருகிறவர்கள் அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். இதை முழுசாக, நல்ல குரல் உள்ளவர் ஒருவரைக்கொண்டே பாடவையுங்கள். அதற்கு அடுத்து, அப்படியானால் இந்தத் தொழிலை விட்டு வெளியே வர இந்த வரிப்பணத்தில் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று கேளுங்கள். வரி வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி அது. நம் சீமையில் இது புதிதும் இல்லை. எட்டயபுரத்திலிருந்து போன பாரதி, 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ இதழில் வெள்ளைக்காரன் ஆட்சியைக் கேலிச்சித்திரம் போட்டு, படத்துக்கு விளக்கமும் எழுதினார். கேலியும் வாதமும் ஒரே பக்கத்தில் இருந்தன.

கேஸ் பயம் பற்றி. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. ஒரு வரியையோ திட்டத்தையோ அவதூறு செய்ய முடியாது, ஆளையோ நிறுவனத்தையோதான் முடியும். அரசுப் பதவியில் இருப்பவர் பதவிக் கடமையில் நடந்துகொண்டதைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே லஞ்சம் வாங்கினார், திருடினார் என்று பெயர் சொல்லிப் பாடாதீர்கள். சாதி, மதம், மொழியை இழுக்காதீர்கள், அது 196-ஆம் பிரிவு. இவ்வளவு பார்த்தாலும் தொல்லை வராது என்று நான் உறுதி கொடுக்கமாட்டேன். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதைப் பற்றிப் படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை அடுத்த மாதம் நெல்லை போலீஸ் சென்னைக்குப் போய்க் கைது செய்தது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தபோது 2021 ஆகிவிட்டது. அந்தப் படத்தில் அதிகாரத்தில் இருந்தவர்கள் நிர்வாணமாக நின்றார்கள். கைது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்ற கேள்வியைவிட, படத்தின் நிர்வாணம்தான் அன்று அதிகம் பேசப்பட்டது.

மைக்குக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், ஆகவே 9-க்குள் வில்லை நாண் ஏற்றிவிடுங்கள். கொடைப் பாட்டுக்குள் இதை நுழைக்காமல் மறுநாளுக்கு வைத்தது நல்ல முடிவு. கவுன்சில் வெளியிட்ட அறிவிப்பை அச்செடுத்துப் புலவர் பக்கத்தில் வையுங்கள். யாராவது மறித்துக் கேட்டால் அங்கேயே வாசித்துக் காட்டலாம்.

ஆடியில் பெரும்பாலும் நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரும் நடக்கும். மக்களவையில் ஒரு கேள்விக்கு உறுப்பினர் 15 நாளாவது முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். ஒரே தாளில், தொழிலாளர் அமைச்சகத்துக்கு என்று போட்டு எழுதுங்கள்: தீர்வை நின்ற பிறகு பீடித் தொழிலாளர் நலனுக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, முக்கூடல் மருத்துவமனையில் மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை. உடுக்குறி (நட்சத்திரக் குறி) இல்லாத கேள்வியாகக் கேட்டால் எழுத்தில் பதில் வரும். கொடைக்குப் பிறகு என்று தள்ளிப்போடாமல், ஆனி பிறந்ததும் திருநெல்வேலி எம்.பி. அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.