இரவு பத்தரைக்கு வரும் ‘அர்ஜெண்ட்’

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுப்பவராக இருக்கிறேன். காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. அதன் பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளரின் செய்திகள் பதினொரு மணி வரை வந்துகொண்டே இருக்கின்றன. பதில் போடாவிட்டால் மறுநாள், “நேற்றே போட்டேனே, பார்க்கவில்லையா?” என்கிறார். கணவர் போனை அணைத்துவிடச் சொல்கிறார். மாமனாரோ, வேலை இருப்பதே பெரிது, பேசாமல் செய் என்கிறார். இதற்குச் சட்டம் ஏதும் இல்லையா? குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாட்டில் இல்லை. சுப்ரியா சுலே எம்.பி. இதற்காக 2018-லும் மறுபடி 2025 டிசம்பரிலும் மக்களவையில் தனிநபர் மசோதா, அதாவது அரசு சார்பில் அல்லாமல் ஓர் உறுப்பினர் தானே முன்வைக்கும் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று நம் நாடாளுமன்றத்தில் கடைசியாகச் சட்டமானது 1970-ல். அதை நம்பி நீங்கள் இன்று இரவு தூங்கப் போக முடியாது.

உங்கள் மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியபோது உங்கள் ஊர் எப்படிக் கலங்கியது என்பதை அவர் பார்த்திருப்பார். ஆர்டர் நின்றால் யார் வேலை முதலில் போகும் என்ற பயம் நியாயமானதுதான். எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். அவர் சொன்னது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. வீட்டுக்குப் போனதும் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க வேண்டியவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. நம் ஊர்க்காரர்கள் இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஏற்பவர்களும் அல்லர். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வரே அறிவித்தார்.

சரி, உங்கள் குழுவுக்கு வருவோம். ஒரு வாரத்துச் செய்திகளை மேலே தள்ளி நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘நேவி ப்ளூ லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் வந்துவிட்டதா?’ ‘காலையில் பேக்கிங் லிஸ்ட் பற்றி ஞாபகப்படுத்தவும்.’ ‘டையிங்கில் ஷேட் மாறியதற்கு என்ன பதில்?’ இப்படித்தான் இருக்கும். இவற்றில் எதை இரவு பத்தரைக்கு உங்களால் செய்து முடிக்க முடியும்? ஒன்றையும் முடியாது. உங்கள் மேலாளர் பெரும்பாலும் உத்தரவு போடவில்லை. தனக்கு மறந்துபோகும் என்று குழுவையே குறிப்பு நோட்டாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்குக் கீழே யாரோ ஒருவர் அரை நிமிடத்தில் கைகூப்பும் படத்துடன் ‘ஓகே சார்’ போடுகிறார். அடுத்தவர் பின்தங்கக் கூடாதென்று தானும் போடுகிறார். ‘பார்க்கவில்லையா?’ என்று கேட்கும் துணிச்சலை மேலாளருக்குக் கொடுத்தது இந்தப் போட்டிதான்.

உண்மையான அவசரம் எது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நமக்கு இரவு பத்தரை என்றால் ஜெர்மனியில் மாலை ஆறு அல்லது ஏழு. ஆர்டர் கொடுக்கும் பையர் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார். ஆகவே ஐரோப்பிய ஆர்டருக்கு அந்த நேரத்தில் அவசரம் என்பது அநேகமாகக் கிடையாது. நியூயார்க்கில் அப்போது நண்பகல். அங்கிருந்து வரும் கேள்விக்கு அன்றைக்கே பதில் தேவைப்படலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒருவர் விழித்திருந்தால் போதும், குழுவே விழித்திருக்க வேண்டியதில்லை.

இதை மேலாளரிடம் தனியாக, ஷிப்மெண்ட் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். புகாராகச் சொல்லாதீர்கள், ஏற்பாடாகச் சொல்லுங்கள்: “சார், இரவு எட்டரைக்குப் பிறகு குழுவில் வருவதை மறுநாள் காலை ஒன்பதுக்கு முதல் வேலையாகப் பார்த்துப் பதில் போட்டுவிடுகிறேன். அமெரிக்க பையர் விஷயமாக உடனே ஏதாவது வேண்டுமென்றால் போன் செய்யுங்கள், எடுக்கிறேன். அந்த இரவு வேலையை எங்களுக்குள் வாரம் ஒருவராக முறை போட்டுக்கொள்கிறோம். முறை உள்ளவர் மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும்.” போன் செய்வது செய்தி போடுவதைப் போல எளிதல்ல. இரவு பத்தரைக்கு ஒரு வீட்டுக்கு அழைக்க அவருக்கே கூச்சமாக இருக்கும், பாதி அவசரம் அங்கேயே கழிந்துவிடும். மறுநாள் காலை ஒன்பது மணிப் பதிலை மட்டும் ஒரு நாளும் தவறவிடாதீர்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதில்தான் இருக்கிறது.

அதன் பிறகு குழுவின் ஒலியை அடக்கிவையுங்கள், திறந்தும் பார்க்காதீர்கள். நீல டிக்கை அணைத்துவைத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தனிச் செய்திகளுக்குத்தான் அது செல்லும். குழுவில் யார் படித்தார்கள் என்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும். குழுவிலிருந்து வெளியேறவும் வேண்டாம். சத்தமில்லாமல் போனாலும் அட்மினுக்குத் தகவல் போய்விடும், அந்த அட்மின் உங்கள் மேலாளராகத்தான் இருப்பார்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. போனை அணை என்று கோபப்படுவதைவிட, மனைவியின் முறை வரும் வாரத்தில் இரவுச் சமையலறையை அவர் பார்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

இரண்டு மாதம் இப்படி நடந்து பாருங்கள். மேலாளர் மாறவே இல்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். பையரிடம் நேரடியாகப் பேசத் தெரிந்த மெர்ச்சண்டைசருக்கு உங்கள் ஊரில் எப்போதும் தேவை உண்டு. ஆனால் ராஜினாமாக் கடிதத்தைத் தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். திருப்பூர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.