பி.டி. தெளித்தும் புழு சாகவில்லையா?

கேள்வி: கைலான், சாவிக் கீரைப் பாத்திகளுக்கு வாரந்தோறும் பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) தெளிக்கிறேன். சிக்கனத்துக்காக லேபிளில் போட்டிருப்பதில் பாதிதான் கலப்பேன். முன்பு கேட்டது, இப்போது கேட்பதில்லை. இது கிருமிதானே, ரசாயனம் இல்லையே? இதற்குமா புழு பழகிக்கொள்ளும்?
– வாசகர், பாலிக் புலாவ், பினாங்கு

பதில்: எந்தப் புழுவும் இதற்குப் பழகுவதில்லை. முன்பு தப்பியவற்றின் வாரிசுகள்தான் இப்போது உங்கள் பாத்தியில் மேய்கின்றன.

பி.டி. கிருமியின் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல்சுவரின் ஏற்பிகளில் (நச்சு பிடித்துக்கொள்ளும் இடங்களில்) ஒட்டி, ஓட்டை போடும். ஏற்பிக்கான மரபணு பழுதானால் நச்சு ஒட்ட இடமில்லை. இந்தக் கீரைகளைத் தின்னும் புழு வளர்ந்து ஆகும் வைரமுதுகு அந்துப்பூச்சியில் இது பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுப் பாதுகாப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற புழு முழு அளவில் செத்துவிடும், பாதி அளவில் பிழைத்துவிடும். உங்கள் சிக்கனம் காப்பாற்றியது இவற்றைத்தான்! அப்படிப்பட்ட இரண்டு ஜோடி சேர்ந்தால் பிறப்பதில் கால்பங்கு முழு எதிர்ப்போடு வரும். நம் வெக்கையில் ஒரு தலைமுறைக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். ஹவாய் தோட்டங்களில் இந்த எதிர்ப்பு 1990இல் பதிவானது; பிறகு கேமரன் மலையிலும் கண்டார்கள்.

ஆனால் முதலில் புழுவைப் பாருங்கள். தொட்டதும் துள்ளிப் பின்வாங்கி, நூலில் தொங்கினால் அது வைரமுதுகுதான். லேபிள் அளவில் புது மருந்து கலந்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, இலைகளை நனைத்து உலர்த்தி ஒரு டப்பாவில் வையுங்கள். வெறும் தண்ணீரில் சோப்பு விட்டு நனைத்த இலைகள் தனி டப்பாவில். ஒவ்வொன்றிலும் இருபது சின்னப் புழுக்கள், மூன்று நாள். மருந்து டப்பாவிலும் பெரும்பாலானவை உயிரோடிருந்தால் எதிர்ப்பு வந்துவிட்டது. செத்தால் தப்பு தெளிப்பில்: பெரிய புழு, மதிய வெயில், மேல்பக்கம் மட்டும் நனைந்த இலை, சாயங்கால மழை.

எதிர்ப்பு உறுதியானால், பி.டி.யில் குர்ஸ்டாக்கி என்ற ரகத்தை நிறுத்தி ஐசவாய் என்ற ரகத்துக்கு மாறுங்கள். அதிலுள்ள வேறு புரதம் வேறு ஏற்பியில் ஒட்டும். வாரத்துக்கொன்றாக மாற்றாமல் ஒரு தலைமுறைக் காலம் ஒன்றையே பிடியுங்கள். பிறகு ஸ்பினோசாட் என்ற வேறு வகைப் பூச்சிமருந்து. அதற்கும் எதிர்ப்பு வந்த இடங்கள் உண்டு, அதையே நம்பி உட்காராதீர்கள்.

ஓரத்தில் ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள். அங்கே வளரும் சாதா அந்துகள் எதிர்ப்புள்ளவற்றோடு சேர்ந்தால் பிறப்பவை முழு அளவில் சாகும். அந்தக் கீரை ஓட்டையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தெளித்த பாத்தியின் அடிக்கட்டைகளை மட்டும் அறுவடையன்றே பிடுங்கி மூட்டை கட்டிவிடுங்கள். அதில் மிச்சமிருப்பவை மருந்துக்குத் தப்பியவை.