மலைத் தறியும் பச்சைக் குடமும்

அன்புள்ள அக்கா,

அக்டோபரில் பூட்டானின் வடகிழக்கில் இருக்கும் லுன்ட்சே மாவட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே கோமா என்ற கிராமத்தில் பெண்கள் இடுப்புத் தறியில் கிஷுதாரா என்ற பட்டுத்துணி நெய்கிறார்கள். ஆனால் போய்வந்த நண்பர் ஒருவர், ‘இப்போது எல்லாம் கடையில் வாங்கிய சாய நூல், கையில் செல்போன் வேறு, பழைய அசல் போய்விட்டது’ என்கிறார். அவ்வளவு தூரம் போவது வீண்தானா? எப்படிப் போவது? ஏதாவது வாங்கலாமா?

ஒரு வாசகர், திருநகர், மதுரை

தம்பி,

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். கவுகாத்தி போய், அங்கிருந்து எல்லையிலுள்ள சம்த்ருப் ஜோங்கர். பிறகு டிராஷிகாங், மோங்கர், கடைசியில் லுன்ட்சே. எல்லாம் மலை வளைவு, கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். நம்மவர்களுக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் கட்டணம் தனி. அக்டோபரில் மழை ஓய்ந்திருக்கும். சரி, அது முடிந்தது.

செல்போனைப் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை. உங்கள் நண்பர் அதைப் படம் எடுத்ததே ஒரு செல்போனில்தான் இருக்கும்.

கடை நூல் என்று குறைப்பட்டாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிழக்கு பூட்டான்காரர்கள் அந்தக் காலத்திலேயே அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கிவந்து பண்டமாற்றில் பட்டு வாங்கிப் போனவர்கள். அரக்கிலும் மஞ்சிட்டியிலும் சிவப்புத் தோய்த்தார்கள், உண்மைதான். இன்று சாயம் ஏறிய நூலாகவே கிடைக்கிறது, வாங்குகிறார்கள். இதில் யாருடைய சொத்து பறிபோனது? கிஷுதாராவின் சூட்சுமம் நூல் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. நெய்கிறவள் இடுப்பில் வாரைக் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நீளவாட்டுப் பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடைக்கு மேல் கூடுதல் இழை ஒவ்வொன்றையும் விரலால் எடுத்துச் செருகுகிறாள். பார்ப்பவர்கள் ஊசிவேலை என்றே நினைப்பார்கள். அங்கே பெண்கள் உடம்பில் சுற்றிக் கட்டும் துணிக்குக் கீரா என்று பெயர், வேலைப்பாடு நிறைந்த ஒன்று முடிய மாதக்கணக்காகும், சிலது ஒரு வருஷம் பிடிக்கும். அவ்வளவு நாள் உட்கார்ந்தவளிடம் போய், நூல் எந்தக் கடை என்று விசாரிப்பீர்களா?

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயவேர்ச் சிவப்புக்குப் பெயர் போன மதுரைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மனியிலிருந்து அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் வந்து இறங்கிவிட்டது. நம் சாயக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொழிலைப் பெருக்கினார்கள். அன்றைக்கு உங்கள் நண்பர் இருந்திருந்தால், சுங்குடியின் அசல் போச்சு என்று கீழவாசலில் நின்று அழுதிருப்பார்.

திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பின்னால் எங்கள் தெருவில் ஒரு பாட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். வெள்ளைத் துணியை மடியில் விரித்து, நகத்தால் ஒரு துளி தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்தது. சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளி. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். பாட்டி பக்கத்திலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் டிரான்சிஸ்டரை. அப்புறம் பாட்டி உடுத்தியிருந்த நைலக்ஸ் புடவையைப் பார்த்து, “சுங்குடி கட்டியிருந்தா நல்லாயிருக்குமே” என்றார்கள். பாட்டி சௌராஷ்டிர மொழியில் மருமகளிடம் என்னவோ சொன்னார், அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். என்னவென்று பிறகு கேட்டேன். “ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லு, இப்பவே கட்டிக்கிறேன்னேன்” என்றார் பாட்டி.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்துவிட்டது. ஆனாலும் கடையில் தொங்குவது பெரும்பாலும் அச்சுப் புள்ளி. கைமுடிச்சு அருகிப் போனதற்கு ஜெர்மன் சாயத்தின் மேல் பழி போட முடியாது. ராத்திரி பகலாக முடிச்சுப் போட்ட புடவையையும் அச்சடித்த புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அது மட்டும் ஏன் இவ்வளவு விலை?” என்று கேட்டவர்கள் நாம்தான். எங்கள் தெருப் பாட்டிகளின் பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். நன்றாகவும் இருக்கிறார்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

அதனால் தாராளமாகப் போங்கள் தம்பி. போகிற இடத்தில் யாரையும் எதையும் ஒளித்துவைக்கச் சொல்லாமல், நெய்கிறவளுக்கு வெளிச்சம் மறைக்காமல் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முழு கீரா வாங்க உங்கள் சம்பளம் தாங்காது என்று நினைக்கிறேன். கீராவை இடுப்பில் இறுக்கக் கட்டும் கேரா என்ற பட்டை கிடைக்கும், அதைக் கேளுங்கள், அதுவும் தறியில் நெய்ததுதான்.

வந்ததும் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பேரம் பேசி வாங்கியிருந்தால் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா