‘எழுந்திரு’ என்பதை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்தில் கண்விழிப்பதற்கும் பிறரை எழுப்புவதற்கும் ஒரே வினைச்சொல்தான். அதை வைத்துக்கொண்டு நோர்வேஜிய மொழிக்குப் போனால் தடுமாறுவீர்கள். தமிழிலிருந்து யோசியுங்கள், எளிதாகிவிடும். தானாகக் கண்விழிப்பது ‘வோக்னே’. இன்னொருவரை எழுப்புவது ‘வெக்கே’. படுக்கையை விட்டு எழுவது ‘ஸ்டோ ஒப்’. ஆகவே, ‘ஏழு மணிக்கு என்னை எழுப்புவாயா?’ என்று கேட்க, ‘கன் டூ வெக்கே மெய் க்ளொக்கா ஷூ?’ போர்வைக்குள் சுருண்டிருக்கும் பிள்ளையிடம் ‘ஸ்டோ ஒப்!’ போதும்.

நேரம் போவது தெரியாமல் தூங்கிவிட்டால், ‘யெய் ஃபொர்சோவ் மெய்’. இதைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள், வேலைக்குத் தாமதமாகும் நாளில் கைகொடுக்கும்.

மணியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஒட்டே’ என்றால் எட்டு. ஆனால் ‘ஹல் ஒட்டே’ எட்டரை அல்ல, ஏழரை! எட்டை எட்டப் பாதி மணி பாக்கி என்பது அவர்கள் கணக்கு.