வாசகர் கேள்வி–பதில்: வாஷிங்டன் நகரின் லத்தீனோ ஆணையம்

கேள்வி: என் மகன் வாஷிங்டன் டி.சி.யில் குடியிருக்கிறான். அவன் அடுக்ககத்தில் உள்ள எல் சால்வடோர் நாட்டுப் பெண்மணி ஒருவர், நகரின் ‘லத்தீனோ சமூக மேம்பாட்டு ஆணைய’த்தில் சேர விண்ணப்பிக்கப் போகிறாராம். சம்பளம் கிடையாதாம். இது அரசு அலுவலகமா, சங்கமா?
— வாசகர், திருச்சி

பதில்: அரசு அலுவலகமும் இல்லை, சங்கமும் இல்லை. லத்தீனோக்களுக்காக, அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்காக, நகர மன்றம் சட்டம் இயற்றி ஏற்படுத்திய ஆலோசனைக் குழு அது. அமெரிக்க நாடாளுமன்றம் 1973-ல் டி.சி.க்குத் தன்னாட்சி கொடுத்தது. 1975 ஜனவரியில் பொறுப்பேற்ற முதல் நகர மன்றம், அடுத்த ஆண்டே லத்தீனோ சமூக மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே சட்டத்தில் இரண்டு அமைப்புகள் பிறந்தன. ஒன்று, சம்பளம் வாங்கும் ஊழியர்கள் உள்ள அலுவலகம். தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுப்பது, திட்டங்களை நடத்துவது அதன் வேலை. மற்றொன்று, மேயர் நியமிக்கும் தன்னார்வ உறுப்பினர்களைக் கொண்ட ஆணையம். சமூகத்துக்கு என்ன தேவை, நகர அரசு எங்கே தவறுகிறது என்று எடுத்துச் சொல்வது அதன் வேலை.

வெளியே பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வாடகைத் தகராறு, மருத்துவ அட்டை என்று எல்லாவற்றுக்கும் ஆணைய உறுப்பினரையே கூப்பிடுவார்கள். தனிநபர் வழக்குகளை உறுப்பினர் கையில் எடுத்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துபோவார். சரியான அலுவலகத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு, ‘ஒரே புகார் எத்தனை பேரிடமிருந்து வருகிறது’ என்று குறித்துவைப்பதுதான் அவருடைய வேலை.

கேள்வி: அதிகாரம் எதுவும் இல்லாமல் ஆலோசனை மட்டும் சொல்லும் குழுவால் யாருக்கு லாபம்? கண்துடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கண்துடைப்பாக ஆகிவிடக்கூடிய ஆபத்து நிச்சயம் இருக்கிறது. டி.சி.யில் வட்டார அளவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழுக்கள் தனியாக உண்டு. அவை எழுத்தில் தரும் கருத்துக்கு அரசுத் துறைகள் ‘பெரும் மதிப்பு’ கொடுத்துப் பதில் எழுத வேண்டும் என்பது சட்டம். மேயர் நியமிக்கும் லத்தீனோ ஆணையம் அந்த வகை அல்ல. அதன் பலம் முழுவதும் பரிந்துரையை எழுதும் விதத்தில் இருக்கிறது.

‘ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கு நல்ல சேவை வழங்க வேண்டும்’ என்று தீர்மானம் போட்டால் எல்லா அதிகாரிகளும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்ததை எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் அதில் இல்லை. அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உணவு உதவி புதுப்பிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் போகிறது. மனித சேவைகள் துறை மார்ச் 31-க்குள் அதை ஸ்பானியத்தில் அனுப்பத் தொடங்க வேண்டும். கடைசித் தேதி முதல் பக்கத்தின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். ஏப்ரல் கூட்டத்தில் துறையின் மொழி ஒருங்கிணைப்பாளர் மாதிரிப் படியோடு வந்து விளக்க வேண்டும்.’ இதற்கு ‘ஆகட்டும்’ என்றோ ‘முடியாது, காரணம் இது’ என்றோதான் பதில் சொல்ல முடியும். இரண்டுமே ஆணையத்துக்குப் பயன்படும்.

இன்னொன்று, டி.சி.யில் 2004-லிருந்து மொழி அணுகல் சட்டம் இருக்கிறது. ஒரு துறை சேவை செய்யும் மக்களில் 3 சதவீதம் அல்லது 500 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் பேசும் மொழியில் அத்துறை தன் முக்கிய ஆவணங்களை மொழிபெயர்த்தாக வேண்டும். நகரில் ஸ்பானியம் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே பரிந்துரையில் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. சட்டக் கடமை நிறைவேறவில்லை என்று எழுதினால் போதும். ஆணையங்கள் இந்த இடத்தில் காட்டும் தயக்கம் எங்களுக்கு வருத்தம் தருகிறது. கையில் சட்டம் இருக்கும்போது வேண்டுகோள் எதற்கு?

சான்று வேண்டுமென்றால் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். இரண்டு வாரத்தில் பத்து முறை, வேறு வேறு நேரங்களில், துறையின் உதவி எண்ணுக்கு ஸ்பானியத்தில் பேசிப் பாருங்கள். தேதி, நேரம், காத்திருந்த நிமிடம், எடுத்தவர் என்ன சொன்னார், உரைபெயர்ப்பாளரை இணைத்தாரா, லைனைத் துண்டித்தாரா என்று ஒரு பக்க அட்டவணை போடுங்கள். ‘மக்கள் சிரமப்படுகிறார்கள்’ என்ற பேச்சை அதிகாரி மறுத்துவிடலாம். தேதியோடும் நேரத்தோடும் வரும் அட்டவணையை அவ்வளவு எளிதில் மறுக்க முடியாது.

கேள்வி: பரிந்துரை அனுப்ப நல்ல நேரம், கெட்ட நேரம் உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு. பெரும்பாலான ஆணையங்கள் கோட்டைவிடுவது இதில்தான். டி.சி.யின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கிச் செப்டம்பர் 30-ல் முடிகிறது. துறைகள் அடுத்த ஆண்டுக்கான தேவைகளை இலையுதிர் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிடும். வழக்கமாக வசந்த காலத் தொடக்கத்தில் மேயர் வரவு செலவுத் திட்டத்தை நகர மன்றத்திடம் கொடுப்பார். அதற்குச் சற்று முன், குளிர்காலத்தில், ஒவ்வொரு துறையின் செயல்பாட்டையும் மன்றக் குழுக்கள் பொது விசாரணையில் கேள்வி கேட்கும்.

பணம் தேவைப்படும் பரிந்துரை அக்டோபர், நவம்பரில் துறையின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் அனுப்பினால் எண்கள் முடிவாகியிருக்கும். பணம் தேவைப்படாத சீர்திருத்தத்துக்குச் செயல்பாட்டு விசாரணைதான் சரியான இடம். அங்கே சாட்சியம் சொல்லத் தனிநபருக்குப் பொதுவாக மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். வணக்கம் சொல்லி வரலாறு பேசினால் ஒன்றரை நிமிடம் போய்விடும். முதல் வாக்கியத்திலேயே கோரிக்கை வர வேண்டும். மீதியை எழுத்தில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: கூட்டம் நடத்துவதில் என்ன சட்டச் சிக்கல்? பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவதுதானே?
— வாசகர், சேலம்

பதில்: டி.சி.யின் திறந்த கூட்டங்கள் சட்டம் இப்படிப்பட்ட குழுக்களுக்கும் பொருந்தும். 48 மணி நேரம் அல்லது இரண்டு வேலை நாள், இதில் எது அதிகமோ அவ்வளவு முன்னதாக நிகழ்ச்சி நிரலோடு அறிவிப்பு வெளியாக வேண்டும். திங்கள் மாலைக் கூட்டத்துக்கு வெள்ளி மாலை அறிவித்துவிட்டு ‘72 மணி நேரம் இருக்கிறதே’ என்று நினைத்தால் தவறு. சனியும் ஞாயிறும் வேலை நாள் இல்லை. கூட்டக் குறிப்பு மூன்று வேலை நாளுக்குள்ளும், பதிவு உட்பட முழு ஆவணம் ஏழு வேலை நாளுக்குள்ளும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

இதைவிட அடிக்கடி வரும் தலைவலி ‘கோரம்’, அதாவது முடிவெடுக்கக் கூட்டத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. பதினைந்து இடம் உள்ள குழுவுக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இடம் காலியாகக் கிடந்து, மீதிப் பதினொரு பேரில் நான்கு பேர் இரவுப் பணி, பிள்ளைகள், ரயில் தாமதம் என்று வராவிட்டால் எதையும் நிறைவேற்ற முடியாது. முந்தைய நாளே ஒவ்வொருவரிடமும் ‘வருகிறீர்களா’ என்று உறுதி கேட்க வேண்டும். வாக்கெடுப்புகளைக் கூட்டத்தின் முதல் அரைமணிக்குள் வைக்க வேண்டும், ஏனென்றால் எட்டு மணிக்கு மேல் ஆட்கள் கிளம்புவார்கள். கோரம் இல்லாத அன்று பேசலாம், தீர்மானம் போடக் கூடாது. மறுநாள் மின்னஞ்சலில் ‘எல்லோரும் சரி என்கிறார்கள்’ என்று முடித்துவிடுவதும் கூடாது. முடிவு திறந்த கூட்டத்தில் எடுக்கப்பட வேண்டும்.

கேள்வி: கூட்டம் எந்த மொழியில் நடக்கும்? எல்லோருக்கும் ஸ்பானியம் தெரியும்தானே?
— வாசகி, புதுச்சேரி

பதில்: தெரியாது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த லத்தீனோ இளைஞர்கள் பலருக்கு ஆங்கிலமே வசதி. பிரேசில்காரர்களுக்குப் போர்த்துகீசியம். குவாத்தமாலா மலைப்பகுதிகளிலிருந்து வந்த மாயா மக்களுக்கு மாம், கிச்சே போன்றவை தாய்மொழி, ஸ்பானியம் இரண்டாம் மொழி. கூட்டத்துக்கு வரும் துறை அதிகாரிக்கோ பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே தெரியும்.

ஒருவர் பேசி நிறுத்தியதும் பெயர்த்துச் சொல்லும் முறையில் கூட்டம் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். கூடவே பெயர்த்துக்கொண்டே போகும் முறைக்கு இரண்டு உரைபெயர்ப்பாளர்கள் வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறி மாறிப் பேசுவார்கள். தனியாக ஒருவரையே இரண்டு மணி நேரம் பேசவைத்தால் முதலில் எண்களும் பெயர்களும் பிசகும். வரவு செலவு பேசும் கூட்டத்தில் அது பெரிய ஆபத்து. நிகழ்ச்சி நிரல், துறைகளின் பெயர்கள், சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் முன்னதாக அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இருமொழி தெரிந்த உறுப்பினரையே பெயர்க்கச் சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். பெயர்த்துக்கொண்டிருப்பவரால் விவாதிக்க முடியாது, ஆணையம் ஒரு குரலை இழக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு பெயர்க்கவைப்பதோ கூடவே கூடாது.

ஜூம் கூட்டத்தில் உரைபெயர்ப்பு அலைவரிசையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சாதாரணத் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு இணைபவருக்கு அந்த அலைவரிசை கேட்காது, மூலக் குரல் மட்டும்தான் கேட்கும். செயலி இல்லாமல் போனில் இணையும் முதியவர்களுக்குத்தான் உரைபெயர்ப்பு அதிகம் தேவை. அவர்களுக்குத் தனியாக ஒரு தொலைபேசி மாநாட்டு இணைப்பு ஏற்படுத்தி, உரைபெயர்ப்பாளர் அதிலும் பேசும்படி செய்ய வேண்டும். ஜூமின் மேகப் பதிவிலும், அதாவது இணையத்தில் சேமிக்கும் பதிவிலும், வழக்கமாக மூலக் குரல்தான் பதியும். ஸ்பானியப் பதிவு வேண்டுமென்றால், ஸ்பானிய அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் தன் கணினியில் பதிவு செய்யலாம்.

கேள்வி: ஆணைய உறுப்பினர் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கு நகரின் லத்தீனோ அலுவலகமே மானியம் கொடுத்தால்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த மானியம் பற்றிய பேச்சிலும் வாக்கிலும் அவர் கலந்துகொள்ளக் கூடாது. காரணத்தைச் சொல்லி விலகியதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். வாக்களிக்காமல் மேசையில் உட்கார்ந்திருப்பது போதாது, அறையை விட்டு எழுந்து போவது நல்லது. லத்தீனோ சேவையில் இருப்பவர்களிலிருந்தே உறுப்பினர்கள் வருவதால் இது அடிக்கடி நேரும். சந்தேகம் இருந்தால் நகரின் அறநெறி வாரியத்திடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வந்து பேசத் துணிவார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: துணிந்து வந்தால் அவர்களைப் பாதுகாப்பது ஆணையத்தின் பொறுப்பு. கூட்டம் பதிவாகிறது, குறிப்பு பொது ஆவணமாகிறது. ஆகவே ஒலிவாங்கியைக் கொடுக்கும் முன்பே இரு மொழிகளிலும் சொல்லிவிட வேண்டும்: ‘இது பதிவாகிறது. முழுப் பெயர், முகவரி, குடியேற்ற நிலை எதையும் சொல்ல வேண்டாம். எந்த அலுவலகத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.’ வருகைப் பதிவேட்டில் வீட்டு முகவரிக் கட்டமே இருக்கக் கூடாது. விவரமான வழக்கை உறுப்பினர் தன் மின்னஞ்சலில் வாங்கி வைக்கக் கூடாது, அதுவும் தகவல் கோரிக்கையில் வெளிவரக்கூடும். சட்ட உதவி நிறுவனத்துக்கு நேராக அனுப்புவதே பாதுகாப்பு.

இந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. 1991 மே 5 அன்று மவுண்ட் பிளெசன்ட் பகுதியில் சால்வடோர் குடியேறி ஒருவரைக் காவலர் சுட்டுக் காயப்படுத்தியதைத் தொடர்ந்து தெருக்களில் கலவரம் வெடித்து, ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. பின்னர் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் விசாரித்து 1993-ல் அறிக்கை வெளியிட்டது. காவல்துறையோடு இருந்த பகை மட்டும் அதில் பேசப்படவில்லை. நகரின் சேவைகளுக்கும் வேலைவாய்ப்புகளுக்கும் லத்தீனோக்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது, 1976 முதல் ஆணையம் இருந்தும் இவ்வளவும் நடந்தது என்பது. எச்சரிக்கை மணி அடிக்க ஒரு குழு இருந்தால் மட்டும் போதாது. அது சொல்வதைப் பதிவு செய்து பதில் தரும் கடமை எதிர்ப்பக்கத்துக்கும் இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் வரவேண்டிய தேதியைப் போடச் சொல்கிறோம். பதில் வராதவற்றை அடுத்த கூட்ட நிரலில் முதல் இனமாக வையுங்கள்.

கேள்வி: டி.சி. பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு இதில் ஏதும் வழி உண்டா? என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.
— வாசகி, வாஷிங்டன்

பதில்: ஆசிய, பசிபிக் தீவு மக்களுக்கென்று நகரத்தில் தனி ஆணையமும் அலுவலகமும் இருக்கின்றன. ஆர்வமுள்ளவர்கள் மேயரின் நியமன அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். லத்தீனோ ஆணையத்துக்கும் அதே வழிதான். ஆனால் டி.சி. எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். தமிழர்கள் பெரும்பாலும் வசிக்கும் வர்ஜீனியா, மேரிலாண்ட் புறநகர்கள் இதில் சேரா. அந்தந்த கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தைத்தான் அணுக வேண்டும்.

மொழிபெயர்த்த ஆவணம் தமிழில் எதிர்பார்க்க முடியாது, அந்த மக்கள்தொகை வரம்பை நாம் எட்டவில்லை. ஆனால் வாய்மொழி உதவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. அம்மா டி.சி. அரசு அலுவலகம் எதற்குப் போனாலும் ஊழியர் தொலைபேசி வழியாகத் தமிழ் உரைபெயர்ப்பாளரை இலவசமாக இணைத்துத் தர வேண்டும். ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்றை அவர் பையில் போட்டு வையுங்கள். சில ஊழியர்கள் ‘இந்தியன்’ என்று கேட்டதும் இந்திக்கு இணைத்துவிடுவார்கள். உரைபெயர்ப்பாளரை இணைக்க மறுத்தால் அலுவலகம், தேதி, நேரம், கவுன்ட்டர் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நகரின் மனித உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகாரின் படியை அந்த ஆசிய ஆணையத்துக்கும் அனுப்பிவையுங்கள்.