வயலினை நிறுத்த வேண்டாம்: கட்டடக்கலை மாணவியின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பி.ஆர்க். சேர்ந்திருக்கும் உங்கள் மகள் கணினி நிரல் என்றாலே அஞ்சுகிறாள் என்றும், அதற்கு நேரம் ஒதுக்குவதற்காகச் சிறுவயது முதல் கற்றுவரும் வயலினை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாரம் ஒரு வகுப்பாகக் குறைந்தாலும் அது தொடரட்டும் என்பதே என் உறுதியான கருத்து. அல்காரிதமிக் டிசைன் என்ற பாடத்தில் மாணவர் வடிவத்தை நேரடியாக வரைவதில்லை. அதைப் பிறப்பிக்கும் விதியைக் கணினி நிரலாக எழுதுகிறார். விதிக்குள் நின்று கற்பனை செய்யும் பழக்கம் இசை பயின்றவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

பொறியியல் படித்து, 1947 முதல் பாரிஸில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவின் அலுவலகத்தில் பணியாற்றிய யானிஸ் செனாகிஸ் இசையமைப்பாளரும்கூட. 1955இல் அரங்கேறிய அவரது 'மெட்டாஸ்டாசிஸ்' படைப்பில் தந்திக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றன. நம் இசையில் ஜாரு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். காலத்தைக் கிடையாகவும் சுருதியைச் செங்குத்தாகவும் கொண்ட வரைபடத்தாளில் அந்த வழுக்கல் ஒவ்வொன்றும் ஒரு நேர்கோடு. சாய்வு சிறிது சிறிதாக மாறும் கோடுகள் நெருங்கி அமையும்போது வளைந்த பரப்பு ஒன்று தெரியத் தொடங்கும். 1958ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் பிலிப்ஸ் அரங்கிற்கு அவர் கான்கிரீட்டில் தந்ததும் நேர்கோடுகளால் உருவாகும் இத்தகைய வளைபரப்புகளையே.

இதை உங்கள் மகள் ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், விதிகளைக் கொண்டு வடிவம் உருவாக்க உதவும் கிராஸ்ஹாப்பர் என்ற கருவியில் தானே செய்து பார்க்கலாம். ஒரே தளத்தில் அமையாத இரண்டு நேர்கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் 20 புள்ளிகளைச் சம இடைவெளியில் குறித்து, அவற்றை வரிசைப்படி இணைத்தால் பரப்பு உருவாகிவிடும். எண்ணை 40 ஆக்கினால் கோடுகள் நெருங்கும். ஒரு முனையை உயர்த்தினால் பரப்பு முழுவதும் முறுக்கிக்கொள்ளும். எந்த எண் எதை மாற்றுகிறது என்பது கைக்குப் பழகிய பிறகு, அதையே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுவது அத்தனை அச்சம் தராது. லயத்திலிருந்தும் தொடங்கலாம்: கோபுச்ச யதியில் 7, 6, 5 எனக் குறைந்துவரும் அளவுகளை ஜன்னல் சட்டங்களின் இடைவெளியாக வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் இசை கணிதத்திற்கு மாற்றாகாது. முதலாண்டில் வடிவியலையும் கையால் வரைதலையும் அவள் ஊன்றிக் கற்க வேண்டும். பாட்டின் ஒலியலையை அப்படியே சுவரில் பதிப்பதை நான் வடிவமைப்பாக ஏற்பதில்லை, ஏனெனில் அதில் மாணவர் எடுத்த முடிவு எதுவுமே இல்லை. கட்டடக்கலை அலுவலகங்களில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் அவளுடைய போர்ட்ஃபோலியோவில் (படைப்புத் தொகுப்பில்) இறுதிப் படத்தோடு, அதன் பின்னுள்ள விதியும், கைவிட்ட இரண்டு மூன்று வடிவங்களும், கைவிட்டதற்கான காரணமும் இடம்பெறட்டும்.